மூங்கில் கழிகளும் சக்கர நாற்காலியும்

ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தின் ஊர்ப்பட்டியலைப் பார்த்தால் மஞ்சக்குட்டை, நாகலூர், செம்மநத்தம், வேலூர் ஆகிய பெயர்களோடு வாழவந்தி என்றொரு பெயரும் இருக்கும். அதே பெயரில் கொல்லிமலையிலும் ஒரு நாடு உண்டு. வாழவந்தி நாடு என்பார்கள். இதுவரை சேர்வராயன் மலையைச் சுற்றியே வந்துகொண்டிருந்த நம் தொடர் இந்த வாரம் தெற்கே இறங்கி, அந்த இன்னொரு வாழவந்திக்குப் போகிறது. அங்கிருந்து வேலூர் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. பட்டியலில் சொன்ன நம் மலையின் வேலூர் அல்ல, பாலாற்றங்கரை வேலூர்.

மஞ்சக்குட்டையில் இருப்பவருக்கும் கொல்லிமலையில் இருப்பவருக்கும் உறவு புதிதல்ல. இரண்டு மலைகளிலும் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு வந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள், சேர்வராயன் மலை மூத்தவருடையது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இரண்டு மலைகளும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. வெள்ளைக்காரர் கண்ணுக்கு மட்டும் அவை வேறு வேறாகத் தெரிந்தன. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலம் தொட்டு சேர்வராயன் காப்பிக்கும் குளிர்ச்சிக்குமான மலை. கொல்லிமலை காய்ச்சல் மலை. அங்கே போனவர் மலேரியாவோடுதான் திரும்புவார் என்று அதிகாரிகள் அஞ்சினார்கள். ஏற்காட்டுக்கு பங்களா வந்தது, 1853இல் தேவாலயம் வந்தது, பின்னாளில் கான்வென்ட்டும் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் வந்தன. கொல்லிமலைக்கு அப்படி யாரும் வரிசை கட்டி வரவில்லை.

வந்தவர்களின் கதைதான் இந்த வாரம். அதற்கு முன் மிஷன் வரலாறு எழுதப்படும் முறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கண் தெரியாதவர், காது கேளாதவர், நடக்க இயலாதவர், தொழுநோயாளி ஆகியோர் இந்த வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். ஆனால் எப்போதும் வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் நிற்கிறார்கள். கஞ்சியை, மருந்தை, எழுத்தை, ஆறுதலை வாங்குபவர்கள் அவர்கள். கொடுப்பவர் திடகாத்திரமான மிஷனரி. பழைய மிஷன் அறிக்கைகளில் இருக்கும் புகைப்படங்களும் இப்படியே அமைந்திருக்கின்றன. இந்தப் பார்வைக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது. அதுதான் மருத்துவத் தகுதிச் சான்று. கப்பலேறுவதற்கு முன் ஒவ்வொரு சங்கமும் தன் ஊழியரை டாக்டரிடம் அனுப்பிச் சோதித்தது. வெப்ப நாட்டுக்குப் போய் நோயில் விழுந்தால் செலவு, செத்தால் இழப்பு. சங்கங்களின் கணக்கில் அது நியாயமான எச்சரிக்கைதான்.

அந்தக் காகிதம் யாரையெல்லாம் தள்ளியது என்று பார்த்தால்தான் வியப்பு. டோனாவூர் ஏமி கார்மைக்கேலைச் சீனாவுக்கு அனுப்ப ஒரு சங்கம் மறுத்தது, உடல்நிலை போதாதென்று. 1895இல் இந்தியா வந்த அவர் திருநெல்வேலிச் சீமையில் அரை நூற்றாண்டு இருந்தார். 1931 அக்டோபரில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறைக்குள், படுக்கையிலேயே கழிந்தன. அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். நூற்றுக்கணக்கான குழந்தைகள் வளர்ந்த ஓர் இல்லத்தை வழிநடத்தினார். டோனாவூர் தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. நாம் மலைக்குப் போவோம்.

எவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ் லண்டனில் 1879இல் பிறந்தவர். வசதியான குடும்பம். ஓவியம் பயின்றவர், நிறங்களில் தீராத மோகம் உள்ளவர். ஜெஸ்ஸி பிராண்ட் கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான அடிப்படை மருத்துவத்தையும் கற்றுக்கொண்டு வந்தவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியர்கள். 1913இல் சேந்தமங்கலத்தில் திருமணம். மணமான கையோடு, கொட்டுகிற மழையில் கொல்லிமலை ஏறினார்கள். இன்றைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறிப்போகிறது. அன்று ஒற்றையடிப் பாதை மட்டும்தான். நடக்க முடியாதவரை டோலி கட்டித் தூக்க வேண்டும். வாழவந்தியில் ஜெஸ்ஸி தன் கையாலேயே ஒரு மரவீடு கட்டினார். அடுத்த ஆண்டு, 1914 ஜூலையில், மூத்த மகன் பால் பிறந்தான். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்நாளில் கொல்லிமலையின் பெரிய வேதனைகளில் ஒன்று நரம்புச்சிலந்தி. படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொள்பவர்களின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்த நீரைக் குடித்தவர் உடம்பில் ஓராண்டு கழித்து முழ நீளப் புழு தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். அதை வெடுக்கென்று இழுத்தால் அறுந்து உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக எடுக்க வேண்டும். ஜெஸ்ஸி அப்படி எடுத்துக்கொண்டே, கிணறுகளில் யாரும் கால் வைத்து இறங்காதபடி சுவரெழுப்பவும் சொல்லிக்கொடுத்தார். நோயை ஒழிக்கும் வழி அந்தச் சுவரில்தான் இருந்தது. இந்தியாவில் கடைசி நரம்புச்சிலந்தி நோயாளி 1996இல் கண்டறியப்பட்டார். 2000இல் நாடு முழுவதும் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. வழி மட்டும் மாறவில்லை: குடிநீரில் மனிதர் கால் படாமல் பார்த்துக்கொள்வது.

மருந்துக்கு வந்தார்கள், தச்சு வேலை கற்க வந்தார்கள். மதத்துக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் யாரும் வரவில்லை. ஊர்ப் பூசாரியின் எதிர்ப்பு பலமாக இருந்தது. 1918-19இல் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்த மலையையும் விடவில்லை. வீடு வீடாகப் படுத்துக்கிடந்தவர்களுக்கு பிராண்ட் தம்பதியர் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய் ஊட்டினார்கள். எதிர்த்து நின்ற பூசாரியும் படுத்தார். சாகும் தறுவாயில் தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அதற்குப் பின்னரே சிலர் ஜெபக்கூடத்துப் பக்கம் வந்தார்கள் என்பது பிராண்ட் குடும்பத்தார் சொன்ன வரலாறு. பூசாரியின் மனத்தை இங்கே நான் பெரிதாக மதிக்கிறேன். தன் தெய்வத்தையும் தன் ஊரையும் காக்க எதிர்த்தவர். தன் பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் யார் கையில் கொடுக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்தவர்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மலேரியா முற்றி வரும் வகை அது. சிறுநீர் கறுத்துப் போகும். வயது 44. பிள்ளைகள் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா இறந்த தந்தி பாலுக்கு முதலில் கிடைத்தது. அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் மெதுவாக வந்து, தந்திக்குப் பிறகு கிடைத்தது. மலையையும் மரங்களையும் பற்றி எழுதியிருந்த கடிதம்.

எவ்லினுக்கு அப்போது வயது 50. கணவனும் மனைவியும் முன்பே ஒரு திட்டம் வைத்திருந்தார்கள்: கொல்லிமலையோடு நிற்காமல் பச்சைமலை, கல்ராயன், சித்தேரி என்று சுற்றியிருக்கும் மலைகளுக்கெல்லாம் போக வேண்டும். மிஷன் வேறு மாதிரி நினைத்தது. அவரைச் சமவெளியிலேயே வைத்திருந்தது. எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தது. வயது முடிந்துவிட்டது, மலைக்கு இனி தகுதியில்லை. அவர் ஓய்வை ஏற்றுக்கொண்டார், அதாவது மிஷனிலிருந்து ஓய்வு. பிறகு தன்னிச்சையாக மலைக்குத் திரும்பிவிட்டார். அப்போது அவரைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.

இங்கிருந்து தொடங்கும் கால்நூற்றாண்டுதான் இந்தக் கட்டுரைக்கு உரியது. எழுபது வயதைக் கடந்தபின் ஒரு நாள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வந்த வேலையாள்தான் பார்த்தார். மரக்கட்டையையும் கயிற்றையும் கொண்டு கட்டில் செய்து நான்கு பேர் மலையிலிருந்து தூக்கி இறக்கி, ஜீப்பில் ஏற்றினார்கள். எலும்பு கூடியது, கால் பழையபடி ஆகவில்லை. முன்பின்னாகக் குதிரையிலிருந்தும் பாதையிலும் விழுந்ததில் முதுகெலும்புக் கணுக்கள் முறிந்திருந்தன. நரம்பு வேர்கள் அழுந்தி முழங்காலுக்குக் கீழே தசைகள் செயலிழந்தன. இதையெல்லாம் எழுதிவைத்தவர் அவர் மகன், எலும்பு மருத்துவர். அம்மாவை மலையிலிருந்து இறக்கிவிட வேண்டுமென்று டாக்டராகவும் மகனாகவும் வாதாடித் தோற்றவர்.

தோளுக்கு மேல் நிற்கும் இரண்டு மூங்கில் கழிகள். ஒன்றை ஊன்றி, கனத்துத் தொங்கும் பாதத்தை இழுத்து வைத்து, மற்றதை ஊன்றி அடுத்த அடி. பாதை இருக்கும் இடத்தில் மலைக்குதிரை. ஊர் ஊராகப் போய்ப் புண்ணுக்கு மருந்து கட்டுவார், பல் பிடுங்குவார், கைவிடப்பட்ட குழந்தைகளைத் தூக்கிவந்து வளர்ப்பார், வேதம் சொல்வார். கிரானி பிராண்ட் என்ற பெயர் அவருக்குப் பரவியது. குதிரைமேல் உட்காரவும் முடியாமல் போனபோது வயது 93. மலை மக்கள் துணித்தூளி கட்டி, ஊருக்கு ஊர் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்னும் இரண்டு ஆண்டுகள் அப்படி. கடைசி இருபது ஆண்டுகள் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வைத்துக்கொள்ளவில்லை என்று பால் பிராண்ட் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பர் 18 அன்று, 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் தூளியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சேர்வராயன் மலை வரலாற்றில் மனிதர் தோளில் மனிதர் ஏறிய கதைகளுக்குக் குறைவில்லை. வண்டிப்பாதை வருமுன் துரைகளும் துரைசானிகளும் நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்துதான் ஏற்காட்டுக்கு வந்தார்கள். திடமான கால்களோடு, அடுத்தவர் தோளில். கூலிக்குத் தூக்கியவர்களின் பெயர் எதிலும் பதிவாகவில்லை. கிரானி பிராண்டைத் தூக்கியவர்களின் பெயரும் எனக்குக் கிடைத்த நூல்களில் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் தங்கள் புண்ணைக் கழுவ வருவதற்காக அவரைத் தூக்கிக்கொண்டு போவது ஊரார் தாங்களே எடுத்த முடிவு. அந்த இரண்டு ஆண்டுகளின் மருத்துவப் பணியில் தூக்கியவர்களுக்கும் சரிபாதி உண்டு. நடக்க முடியாத ஒருவர் ஊழியம் செய்தார் என்று சொல்லும்போது, அவரை நடத்திச் சென்றவர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலூர்க் கதையிலும் இதுவேதான்.

மகன் பால் பிராண்ட் லண்டனில் மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை அது. வேலூருக்கு வந்த அடுத்த ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போன பால், மடங்கி நகம்போல் வளைந்த கைகளைக் கண்டார். கிருமி நரம்பைத் தாக்குவதால் விரல்களை நிமிர்த்தும் தசைகள் செயலிழக்கின்றன. ஆனால் முன்கையில் சில தசைகளுக்கு எப்போதும் ஒன்றும் ஆவதில்லை. நல்ல தசையின் தசைநாணைத் திருப்பி விரல்களுக்கு இணைத்தால்? 1948இல் அந்த அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள். விரல் உதிர்வது தொழுநோயாலேயே என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, வலி தெரியாததால் படும் காயங்களே விரலைத் தின்கின்றன என்று வேலூர்க் குழு காட்டியது. இரவில் எலி கடித்தாலும் தூங்குபவருக்குத் தெரியாது. குணமாகிக் கைத்தொழில் கற்கவந்தவர்களுக்காக நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பு எழுந்தது. ஊருக்கு வெளியே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை எழுந்தது. உணர்ச்சியற்ற பாதத்துக்கேற்ற மெத்தென்ற நுண்துளை ரப்பர்ச் செருப்பு அந்தப் பணியில் வந்ததுதான். இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்புக்கு அங்கே வேர் இருக்கிறது.

வேலூர்க் கதையின் நாயகியான மேரி வர்கீஸ் 1925இல் கொச்சிக்கருகே செராயில் பிறந்தவர். கேரளக் கிறிஸ்தவக் குடும்பம், எர்ணாகுளத்தில் கல்லூரி, 1946இல் வேலூரில் மருத்துவம். படித்து முடித்தபின் மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது எண்ணம். 1954 ஜனவரி 30. சக மருத்துவர்களோடு வெளியூர் போன வண்டி விபத்தில் உருண்டது. முகத்தில் ஆழமான காயம். அதன் வடு கடைசிவரை இருந்தது. முகத்தைத் தைத்து முடித்தபின் தெரிந்தது, தண்டுவடம் சேதமாகி இடுப்புக்குக் கீழே செயலும் உணர்வும் போய்விட்டன என்று. வயது 28.

1954இல் தண்டுவடக் காயத்துக்கு என்ன பொருள் என்பதை இன்றைய வாசகருக்குச் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில் இப்படி அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தார்கள். கொன்றவை படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும். 1944இல்தான் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில்லில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை புரட்டுவது, சிறுநீரைச் சுத்தமாக எடுப்பது, கைகளை வலுவாக்குவது என்று ஒரு முறையை நிலைநிறுத்தி, இவர்களும் வாழலாம் என்று காட்டினார். இந்தியாவில் அதற்கென்று ஒரு படுக்கைப் பிரிவுகூட அப்போது இல்லை. மேரிக்கு வாய்த்த நல்லூழ், அவர் விழுந்தது தன்னைத் தெரிந்த ஒரு மருத்துவமனையின் கைகளில். சக டாக்டர்களும் நர்சுகளும் மாதக்கணக்கில் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். உட்காரத் தோதாக முதுகெலும்பில் அறுவைகளும் நடந்தன.

தன் தொழில் முடிந்தது என்றே அவர் நினைத்திருந்தார். பிரசவ அறையில் நிற்க முடியாத மகப்பேறு மருத்துவர் எப்படி? அவர் நினைத்ததில் பிழையில்லை. அறையும் மேசையும் நிற்பவருக்காகவே அமைக்கப்பட்டிருந்தன. பால் பிராண்ட் வேறொரு மேசையைக் காட்டினார். கை அறுவைக்கு யாரும் நிற்பதில்லை. நோயாளியின் கையைப் பக்கவாட்டில் ஒரு சிறு மேசையில் நீட்டிவைத்து, மருத்துவர் முன்னால் உட்கார்ந்து, மணிக்கணக்கில் நுணுக்கமாகச் செய்யும் வேலை அது. இரண்டு கால் உள்ள மருத்துவரும் அங்கே உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சக்கர நாற்காலியை மேசை வரைக்கும் தள்ளிவிட்டால் போதும்.

இந்த இடத்தை நான் வேகமாகக் கடக்க விரும்பவில்லை. மேரி வர்கீசைப் பற்றி மேடைகளிலும் பிரசங்கங்களிலும் பேசுவோர் அவர் மன உறுதியையும் விசுவாசத்தையும் சொல்கிறார்கள். உண்மைதான், இரண்டும் இல்லாமல் ஒரு நாளும் ஓடியிருக்காது. ஆனால் அதே உறுதியோடு, சக்கர நாற்காலி நுழையாத ஓர் அறுவை அரங்கின் வாசலில் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? அவரால் எதைச் செய்ய முடியும் என்று யோசித்து வேலையைத் தேடிக்கொடுத்த ஒரு மூத்தவர் இருந்தார். அரங்கத்துக்குத் தூக்கிச்சென்ற கைகள் இருந்தன. சிலர் அந்த விபத்தையே கடவுள் கொடுத்த பரிசு என்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. விபத்து விபத்துதான். அதற்குப் பின் மனிதர்கள் செய்த ஏற்பாடுகளில்தான் நான் அருளைக் காண்கிறேன்.

நோயாளிகளின் பக்கத்திலிருந்தும் இதைப் பார்க்கலாம். தொழுநோய்க்காரர் என்றால் பஸ்ஸில் ஏற்றாத காலம். வீட்டார் கைவிட்டு, கோயில் வாசலில் கிடந்தவர்கள் அந்த அறுவைக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர் முகத்தில் வடு, கால் அசையவில்லை. தாங்கள் நடக்கிறார்கள், டாக்டரால் நடக்க முடியவில்லை. ஆறுதல் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று அவர்களுக்கு அந்தக் காட்சியிலேயே விளங்கியது. உடம்பில் ஒரு பகுதி போனபின்னும் வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, மரியாதை இருக்கிறது.

கை அறுவையோடு மேரி நின்றிருந்தாலும் வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கும். அவர் அடுத்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சிகிச்சைக்குப் போனார். தண்டுவடக் காயம் பட்டவர்கள் அங்கே தாங்களாகவே எழுந்து, உடுத்தி, வேலைக்குப் போவதைக் கண்டார். தனக்குக் கிடைத்தது இந்தியாவில் வேறு யாருக்கும் கிடைக்கவில்லையே என்ற கேள்வியோடு நியூயார்க் போனார். மறுவாழ்வு மருத்துவத்தை ஒரு தனித் துறையாக வளர்த்த ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் சக்கர நாற்காலியிலேயே பயின்றார். 1962இல் திரும்பினார். 1963இல் வேலூர் மருத்துவக் கல்லூரியின் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறைக்குப் பொறுப்பேற்றார். 1966இல் வேலூர்ப் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. தண்டுவடம் அடிபட்டவர்களை மாதக்கணக்கில் உள்ளே தங்கவைத்து, வாழ்க்கைக்குத் திருப்பி அனுப்பும் நிலையங்களில் இந்தியாவில் அதுவே முன்னோடி.

நியூயார்க்கில் கற்றதை அப்படியே பாகாயத்தில் இறக்கிவைக்க முடியாது. அங்கே நோயாளி திரும்பிப்போவது லிஃப்ட் உள்ள அடுக்குமாடிக்கு. இங்கே திரும்பிப்போவது தரையில் உட்கார்ந்து சமைக்கும் வீட்டுக்கு. கழிப்பிடம் ஊருக்கு வெளியே காட்டில். வாசலில் மூன்று படி. பனை ஏறும்போது விழுந்தவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்தவர், மாட்டுவண்டி கவிழ்ந்தவர் என்று வருகிறவர்களுக்குக் கால் திரும்பாது என்ற செய்தியை முதலில் ஒருவர் சொல்ல வேண்டும். எந்த மருத்துவருக்கும் கடினமான வேலை அது. கேட்பவர் மனத்தில் உடனே எழும் எண்ணம், உங்களுக்கென்ன, சொல்லிவிட்டு நடந்து போய்விடுவீர்கள் என்பது. மேரி வர்கீஸிடம் யாராலும் அப்படிச் சொல்ல முடியவில்லை. உட்காருமிடத்தில் புண் வராமலிருக்க அடிக்கடி கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று அவர் சொன்னால், அதை அவரே அன்றாடம் செய்துகொண்டிருந்தார்.

1972இல் பத்மஸ்ரீ விருது வந்தது. அதற்கு முன்பே, 1963இல், அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதியிருந்தார். கிரானி பிராண்டின் வாழ்க்கையையும் அதே எழுத்தாளர்தான் பின்னர் எழுதினார். 1986 டிசம்பரில் வேலூரில் மேரி இறந்தபோது வயது 61. அந்த நாற்காலியில் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருந்தார். தண்டுவடம் அடிபட்டவர்கள் எத்தனை காலம் வாழலாம் என்பது பற்றி 1954இல் இந்தியாவில் நிலவிய எண்ணத்தோடு இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் அதன் கனம் தெரியும். பாகாயத்தில் அவர் தொடங்கிய நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நடக்கிறது.

இந்த இரண்டு பெண்களும் கிறிஸ்துவின் பெயரால்தான் இதைச் செய்தார்கள்; அதை மறைத்து எழுதினால் அவர்களுக்குத் துரோகம் செய்ததாகும். மதமாற்றம் குறித்து மலை மக்களுக்கு இருந்த அச்சமும் உண்மையானதே. பூசாரியின் எதிர்ப்பை நான் குறுகிய புத்தியாகக் காட்ட மாட்டேன். இந்த வரலாற்றிலிருந்து நம் மலை எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் கருதுவது வேறு. 2016இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அரசு வேலையில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்கச் சொல்கிறது. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மரம் வெட்டும்போதும் மிளகு பறிக்க ஏணி ஏறும்போதும் விழுகிறவர்கள் உண்டு. மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தின் உச்சிவரை ஏறிப்போகும் மலை இது. மஞ்சக்குட்டைத் தோட்டம் ஒன்றில் ஏணியிலிருந்து விழுந்த இளைஞருக்கு உதவித்தொகை விண்ணப்பத்தை நீட்டுகிறோம். அது வேண்டும்தான். அந்தத் தோட்டத்தின் கணக்குப் பிள்ளையாக, பள்ளியில் ஆசிரியராக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசகராக அவரை உட்காரவைக்கும் மேசை எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் பால் பிராண்ட் 1954இல் செய்தது. அந்தத் தேடலுக்குப் பணத்தைவிட முதலில் வேண்டியது, இவரிடமிருந்து நமக்கு ஏதோ கிடைக்க வேண்டியிருக்கிறது என்ற நம்பிக்கை.

வேலூரிலிருந்து மலைக்குத் திரும்புவோம். அடுத்த வாரம் ஏற்காட்டின் பள்ளிகளும், அவற்றின் வாசலுக்கு வெளியே நின்ற மலையாளிப் பிள்ளைகளும்.

(தொடரும்)